தாசில்தாருக்கு அப்பா எழுதிய விளக்கம்

அன்புள்ள ரூபா,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்கிடையே நான் கண்டெடுத்த காகிதம் அது. உன் தெருக்காரர்கள் ஊர்க் கிணற்றில் இறங்கியதால் கட்டிவைத்து அடித்தோம் என்று, எண்பத்தொன்றில் என் அப்பா தாசில்தாருக்கு எழுதிய விளக்கம். நம் உத்தனப்பள்ளி மேடையில் அவரைப் போலவே மீசையைத் தடவிக்கொண்டு அதைப் பேசி நடித்தேன். ஊர் வெட்கப்படும் என்று நம்பினேன்.

அடிபட்டவர்களில் உன் அப்பாவின் பெயரைப் படித்தபோது நீ எழுந்து போனாய்.

பிறகு கைதட்டினார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு வந்த இளைஞர்கள் விசிலடித்தார்கள். அப்பா மேடையேறி, "அப்பிடியே நான் பேசுன மாதிரியே பேசுறான் பாருங்கடா, எம் மவன்!" என்று சால்வை போர்த்தினார்.

நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்தேன்.

வாசலில் உன் அப்பா நின்றிருந்தார். "நல்லா நடிச்சீங்க மாப்ள. அடிச்சவங்க சொன்னத எழுதி வெச்சிருக்காங்க. எங்கள யாரும் கேக்கலீங்க" என்றார்.

எட்டு வருடமாக அவர் வீட்டில் சாப்பிடுகிறேன், ரூபா. நானும் கேட்டதில்லை.

உன் கணவன் என்று எழுதக் கூசுகிறவன்