தட்டில் இருப்பவை விருந்தாளிகள் அல்ல

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ரித்திகாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் கொலஸ்ட்ராலும் குறைவின்றி நலமாக இருக்கிறது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, போன வாரம் போனில் அழுததிலேயே தெரிந்துவிட்டது. வாட்ஸப்பில் எழுதினால் அப்பா படித்துவிட்டுக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார், மின்னஞ்சலை அவர் திறப்பதில்லை, அதனால் இதில் எழுதுகிறேன். ஜெர்மனிக்குப் போனதிலிருந்து எலியின் இளந்தசைச் செல்களை வளர்க்கிறாய், அவை ஆய்வகத் தட்டில் கொழுகொழுவென்று பெருகுகின்றன, ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து தசை இழை ஆக மாட்டேன் என்கின்றன, அடுத்த மாதப் பரிசீலனைக் கூட்டத்தில் காட்ட ஒரு படம்கூட இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "பாவங் கண்ணு, வந்துரட்டும்" என்றார். மறுநாளே உன் மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்துவிட்டது. இளஞ்சிவப்பு. அவளுக்குப் பிடிக்காதே என்றேன், சின்ன வயசில் பிடித்தது என்றார்.

உன் செல்கள் சேராத விஷயம் அதற்குள் தனபால் சித்தப்பாவுக்கும் போய்விட்டது. பிரிந்த பங்காளிகள், கோபித்துக்கொண்டு போன மருமகள், வரப்புத் தகராறு என்று எதைக் கேள்விப்பட்டாலும் சேர்த்துவைக்கக் கிளம்பிவிடும் அவருக்கு இது புது வகை வழக்கு. வந்து உட்கார்ந்ததும் அண்ணி என்கிற முறையில் என்னிடம், "ஏனுங்க நங்கை, அந்த செல்லுகளுக்குள்ள அப்பிடி என்னதானுங்க பிரச்சினை?" என்றார். மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, அருகருகே வர வேண்டும், ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்ட வேண்டும், அப்புறம் நடுவே இருக்கிற சவ்வு திறந்து உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றாகிவிடும், இப்படிப் பல செல்கள் சேர்ந்தால்தான் ஒரு நீள இழை, உட்கருக்கள் மட்டும் அதற்குள் தனித்தனியாகவே இருக்கும் என்று என் உயிரியல் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "அப்ப ஊடு ஒண்ணு, பெரிய மனுசன் பத்துப் பேரு. அதுக சேராம இருக்கறதே நல்லதுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நேற்று அவர் வேறொரு வழக்கை நம் வீட்டுக்கே கூட்டிவந்தார். சோமனூர் நஞ்சுண்டன் மாமாவும் அவர் தம்பியும் தறிக்குடோனுக்கு நடுவே சுவர் வைத்துக்கொண்டு ஆளுக்குப் பாதியாக ஓட்டுகிறார்கள் அல்லவா, தனித்தனியாகப் பெரிய ஆர்டர் எதையும் எடுக்க முடியவில்லை, சுவரை எடுத்துவிட இருவருக்கும் ஆசைதான், முதலில் யார் சொல்வது என்பதில்தான் சண்டை. "நீயெல்லாம் மனுசனாடா" என்று அண்ணன் கேட்க, "நீங்க மட்டும் மனுசனுங்களா" என்று தம்பி மரியாதை குறையாமல் கேட்டார். கத்திக் களைத்து இருவரும் வாய் மூடி, சித்தப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமும் சமயத்தில் அப்பா உள்ளே வந்து, "ஏனுங்க, வெறும் வயித்துல என்ன பேச்சு, சந்தகை தாளிச்சிருக்குது, ஒரு வாய் சாப்புடுங்க" என்றார். சாப்பிட்டார்கள். தெம்பு வந்ததும் அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அடுத்த முறை களைத்தபோது ஒப்புட்டும் காப்பியும் வந்தன, சண்டை அவர்கள் அப்பன் காலத்துக்குப் போனது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சிலிண்டர் தீர்ந்துபோச்சு என்று அறிவித்தேன். தீரவில்லை. ஓட்டலில் சொல்லிவிடலாம் என்று அப்பா போனைத் தேடினார், சார்ஜ் போடுகிறேன் என்று அதையும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிற்று, கத்த இருவருக்கும் தெம்பில்லை. திடீரென்று நஞ்சுண்டன் மாமா, "ஏண்டா, நம்மூரு முக்குக் கடைல இந்நேரம் புரோட்டா இருக்குமா?" என்றார். "இருக்குமுங்கண்ணா." "உன்ற வண்டீல ரெண்டு பேரும் போயிரலாமா? செவுத்த நாளைக்கு இடிச்சுப்போடலாம், மொதல்ல வண்டிய எடு." போய்விட்டார்கள். சேர்த்துவைத்தது தான்தான் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும்போதுதான் நீ அழுகைக்கு நடுவே போகிறபோக்கில் சொன்னது எனக்கு உறைத்தது. சத்துநீரில் ஊட்டம் தரும் சீரத்தைக் குறைத்ததும் செல்கள் வாடித் தெரிகின்றன, சில செத்தும் போகின்றன, பார்க்கப் பாவமாக இருக்கிறது, அதனால் சனி ஞாயிறு ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது பழைய கெட்டிச் சத்துநீரையே ஊற்றிவிடுகிறேன் என்றாய். ஏன் அம்மணி, குறைக்கச் சொன்னதே எதற்காக? வயிறு நிறைந்த செல் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், அதற்குச் சேர வேண்டிய அவசியம் என்ன? ஊட்டம் குறைந்தால்தான் பெருகுவதை நிறுத்தும், நீளும், வரிசைக்கு வரும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும். இது உனக்குத் தெரியாததல்ல, செய்முறையிலும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் படிப்பு உன்னுடையது, கை உன் அப்பாவுடையது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத கை. தட்டில் இருப்பவை விருந்தாளிகள் அல்ல.

சோமனூர்க்காரர்களை வைத்து உயிரியலில் முடிவுக்கு வர நான் ஒப்பமாட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஜோடி இல்லை. அதனால் இதை ஊகமாக மட்டும் வைத்துக்கொள். ஒரு தட்டுக்கு உன் இஷ்டப்படி ஊட்டு, இன்னொன்றைக் குறைத்த சத்துநீரிலேயே விடு, சனி ஞாயிறு ஆய்வகப் பக்கம் போகாதே. வார இறுதியில் செய்து வந்ததை உன் பேராசிரியரிடம் நீயே சொல்லிவிடு. அதற்குப் பிறகும் சேராவிட்டால் வேறு காரணம் தேடு, அதுவும் ஆராய்ச்சிதான். எதுவும் முடியாமல் வந்தாலும் அறை இருக்கிறது, ஆனால் பாவம் பார்த்துக் கெடுத்துவிட்டு வராதே.

இதையெல்லாம் அப்பாவிடமும் சொன்னேன். "அப்பச் சேந்துருச்சுன்னா கண்ணு அங்கயேதான் இருக்குமா?" என்று கேட்டார். படிப்பு முடியும்வரை இருப்பாள் என்றேன். மாடிக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்து, "சரி, சேரட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒரேயடியாப் பட்டினி போட வேண்டாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன், நீ அதைக் கேட்டு நடக்க வேண்டாம்.

கைக்கு எட்டியது நழுவாமல், நினைத்தது நிறைவேறி, உடம்பும் மனசும் தெம்பாக நீ நன்றாயிருக்க வேண்டும். பட்டினி அவற்றுக்குத்தான், நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அம்மா,
கலாமணி

பின்குறிப்பு: அப்பா பருப்புப்பொடியும் நிலக்கடலையும் பார்சலில் அனுப்பியிருக்கிறார். செல்களுக்கென்று தனியாக ஏதும் வைத்திருக்கிறாரா என்று ஒட்டுவதற்கு முன் பிரித்துப் பார்த்துவிட்டேன்.