உதடு அசையாமல்

மார்ச் 3

அன்புள்ள பட்டுவுக்கு,

நலம்தானே? இங்கே நானும் என் முதுகுவலியும் நலம். உனக்கு நூலகத்தில் வேலை கிடைத்து ஐந்து மாதம் ஆகிறதாம். உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் நீ கதை வாசித்துக் காட்டப்போகிறாய் என்றும் சொன்னாள். நான் வரலாமா?

சிரிக்காதே, நானும் இப்போது தினம் வாசிக்கிறேன். லிப்ட் பழுதுபார்க்கக் கிளம்புவதற்கு முன் பத்துப் பக்கம். நல்ல பெற்றோராக இருப்பது எப்படி என்று ஒரு புத்தகம். கூட வேலை பார்க்கும் மொட்டை, "பொண்ணுக்கு இருபது வயசாச்சு, இப்பப் போய் படிக்கிறியே, பரீட்சை முடிஞ்சு போச்சுப்பா" என்கிறான். முடிந்தால் என்ன, மறுதேர்வு எழுதிவிட்டுப் போகிறேன் என்றேன்.

ஒவ்வொரு குழந்தையும் தனக்கே உரிய வேகத்தில் மலர்கிறது. அதை மதிப்பதே அன்பின் முதல் படி.

போனில் பேசத்தான் ஆசை. நீ எடுப்பதில்லை.

அன்புடன்,
அப்பா

மார்ச் 9

அப்பாவுக்கு,

போனை ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் திக்கி நின்றால் அந்தச் சொல்லை நீங்கள் முடித்துவிடுவீர்கள். ஆறு வருடத்துக்கு முன் அம்மாவோடு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றுகூட, வாசலில் நின்று உங்களிடம் ஒன்று சொல்ல வந்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். "சரி சரி, பத்திரமாப் போ" என்று நீங்களே முடித்து அனுப்பிவிட்டீர்கள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று இன்றுவரை கேட்கவில்லை.

கடிதத்தில் யாரும் என் சொல்லை முடிக்க முடியாது. அதனால் எழுதுங்கள். ஆனால் சனிக்கிழமை வர வேண்டாம். நான் திக்கும்போதெல்லாம் உங்கள் உதடு அசையும். எனக்கு முன்னால் ஓடிப்போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் அது என் கண்ணில்தான் படும்.

நான் திக்குவேன் அப்பா. அத்தனை பேர் முன்னாலும் திக்கித்தான் வாசிப்பேன். நூலகத் தலைவியிடம் அதைச் சொல்லித்தான் இந்த வாய்ப்பைக் கேட்டு வாங்கினேன். "அதனால என்ன, கதைக்கு அவசரம் இல்லையே" என்றார். வீட்டில் யாருக்கும் இது தோன்றியதில்லை.

மகள்

மார்ச் 15

அன்புள்ள பட்டுவுக்கு,

வர வேண்டாம் என்றாய், சரி. அதற்காக வாசிப்பதை விடமாட்டேன். உன் அம்மாவும் போனில் சிரிக்கிறாள்: "புத்தகத்தைப் படிச்சு யாராவது அப்பா ஆவாங்களா?" லிப்ட் வேலையையும் நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முப்பது வருடத்தில் ஒன்றும் கீழே விழவில்லை என்று சொல்லி வாயை அடைத்தேன்.

கடந்த காலத் தவறுகளை ஒப்புக்கொள்வது முதிர்ச்சியின் அடையாளம். உன் உணர்வுகளை எவ்வகையிலேனும் காயப்படுத்தியிருந்தால் மனமார வருந்துகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

மார்ச் 21

அப்பாவுக்கு,

அந்தப் புத்தகம் எங்கள் நூலகத்திலும் இருக்கிறது. அதை அலமாரியில் அடுக்குபவளே நான்தான். "முதிர்ச்சியின் அடையாளம்" நாற்பத்தோராம் பக்கம், இரண்டாவது பத்தி. முதல் கடிதத்தில் "மலர்கிறது" என்று வந்தது பன்னிரண்டாம் பக்கம். நீங்கள் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தீர்கள். அப்போதே சந்தேகப்பட்டேன்.

"காயப்படுத்தியிருந்தால்" என்றால் என்ன அர்த்தம்? உங்களுக்கே தெரியாதா? தினமும் காலை ஏழு மணிக்கு என்னை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தியது யார்? செய்தித்தாளில் பத்து வரி. ஒரு சொல்லில் தடுக்கினால் திரும்ப முதல் வரியிலிருந்து. எத்தனை நாள் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டிருக்கிறேன்! அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அதற்குப் பிறகும் வாசிப்பின் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. அதையும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாதென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

மகள்

மார்ச் 28

பட்டு,

புத்தகத்தை மொட்டையிடம் கொடுத்து, கடிதம் முடியும்வரை திருப்பித் தராதே என்று சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினேன். நான்தான். நாலு வருடம். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. உன்னையும் அப்படியே பார்த்தேன். எல்லாம் உன் நல்லதுக்கு என்று ஊரிடம் சொன்னேன். அது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. என் தம்பி வந்தபோது "வாங்க சித்தப்பா" என்று சொல்ல நீ பாடுபட்டாய். நான் உன்னை உள்ளே போகச் சொன்னேன். நீ போனாய்.

உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அதே ஸ்டூலில் நான் ஏறி நிற்கிறேன். செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிறேன். தடுக்கினால் முதல் வரியிலிருந்து. நாலு நாளாகிறது, ஒரு நாள்கூடப் பத்து வரியை முடிக்கவில்லை. எனக்குத் திக்குவாயும் கிடையாது.

நான் வரமாட்டேன். மகளின் நிகழ்ச்சிக்குத் தவறாமல் போ என்றுதான் புத்தகம் சொல்கிறது. இதில் புத்தகத்தின் பேச்சைக் கேட்பதாக இல்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ரேடியோ வைத்துப் பார்த்தேன். பேசுகிறவர் கொஞ்சம் நிறுத்தினாலும் என் உதடு அசைந்துவிடுகிறது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பை மட்டும் யார் சிரித்தாலும் விடமாட்டேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன், எடுத்தெழுத அல்ல.

அன்றைக்கு வாசலில் என்ன சொல்ல வந்தாய்?

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் அந்த ஸ்டூலை உடைத்து எறியுங்கள். இந்த முதுகை வைத்துக்கொண்டு ஏறினால் விழுந்து தொலைப்பீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் இல்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. வாருங்கள். முதல் வரிசையில் நடு நாற்காலியில் உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன். உதடு அசைந்தால் அசையட்டும். நீங்கள் முன்னால் ஓடிப்போய் அந்தச் சொல்லின் முடிவில் நின்றுகொள்ளுங்கள். நான் மெதுவாகத்தான் வருவேன். ஒரு எழுத்தைக்கூட விட்டுவிட்டு வரமாட்டேன்.

கதை பதினான்கு பக்கம். மற்றவர்கள் வாசித்தால் பத்து நிமிடம். நான் வாசித்தால் அரை மணிக்கு மேலே ஆகும். பொறுமையையும் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

வாசலில் சொல்ல வந்ததைக் கடிதத்தில் எழுத மாட்டேன். கதை முடிந்ததும் எல்லாரும் போன பிறகு நேரில் சொல்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நானேதான் சொல்லி முடிப்பேன்.

உங்கள்
பட்டு