பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

மாசி 9, புதன்

வாயால் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த நோட்டு என்னை மன்னிக்கட்டும்.

எங்கள் சித்தேரி மலையில் கடுக்காய் பொறுக்கப் போகும் ஐந்து பெண்களின் இடுப்பில் ஜிபிஎஸ் கருவியைக் கட்டிவிட்டது நான்தான். அவர்களில் ஒருவர் என் அம்மா. அவர்கள் நடக்கும் தடத்தை வரைபடமாக்குவதுதான் எங்கள் ஆய்வு. கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி பதியும். இரண்டு புள்ளிக்கு நடுவே கணினி நேர்கோடு போட்டுவிடும். அவர்களோ தடை போட்ட காப்புக்காட்டை மிதிக்காமல் ஓடையைச் சுற்றித்தான் போவார்கள். இன்று திரையில் ஐந்து கோடுகளும் அந்தக் காட்டின் நடுவே போயின.

"அங்க வழியே இல்லீங்க சார். செங்குத்தா பாறைங்க" என்றேன்.

ஆய்வுத் தலைவர் நிமிரக்கூட இல்லை. "யானைக்கும் இதே முறைதான், புயலுக்கும் இதே முறைதான். உங்க ஊரு பொம்பளைங்களுக்கு மட்டும் புதுசா கண்டுபிடிக்கணுமாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

புயலை யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். யானைக்கு அபராதம் கிடையாது. அந்த மலையில் ஒரு நாள்கூட நடக்காத மனிதர் இவர். வெள்ளிக்கிழமை இந்த வரைபடம் வனத்துறைக்குப் போகிறது.

சாயங்காலம் அம்மா போனில் கேட்டாள்: "நாளைக்கும் இதக் கட்டிக்கிட்டுப் போவட்டுமா கண்ணு?"

"வேணாம்மா" என்று மட்டும் சொன்னேன். 

நாளை தலைவர் மேசைக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். சார், அந்தக் கோடுகள எடுத்துடுங்க. புள்ளி மட்டும் இருக்கட்டுங்க.