சூடேறிய பிறகு தெரியும் புள்ளிகள்

என் திவ்யாக்காவுக்கு,

நீ இருந்திருந்தால், "இன்னும் தூங்கலையாடி வௌவாலு" என்று தலையில் ஒரு தட்டு தட்டி, என் கையிலிருக்கிற பேனாவைப் பிடுங்கியிருப்பாய். இப்போது பிடுங்க ஆளில்லை. அம்மா கேன்டீனில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டாள். அப்பா ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் சமையல்கட்டில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் கூடத்துக்குப் போகாமலிருக்க டார்ச்சை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இருமல் வந்தால் உன் நீலத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொள்கிறேன்.

ஆமாம் அக்கா. இருமல்தான். மூன்று வாரமாச்சு. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இதை மறைக்கிற வித்தை உனக்குத்தானே தெரியும்?

அதற்கு முன்னால் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனி லைன் சூப்பர்வைசர் செல்வி மேடம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அம்மா பதறிப்போய் நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். மேடம் உட்காராமல், சுவரில் மாலை போட்ட உன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் உனக்குப் பிடிக்காது, தெரியும். ஐடி கார்டுக்கு எடுத்தது. வேறு நல்ல படம் கிடைக்கவில்லை அக்கா. மற்ற எல்லாவற்றிலும் நீ நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாய்.

"அம்மா, ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு எழுதிப் போடறோம். கண்டுபிடிச்சவங்க பேர்ல மூணாவது திவ்யா. அவ இல்லாததால உங்க கையெழுத்து வேணும்" என்றார் மேடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "எங்க பொண்ணு இன்னா கண்டுபிடிச்சா? அவளுக்கு வூட்ல வச்ச சீப்பையே கண்டுபிடிக்கத் தெரியாதே."

மேடம் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

உன் வேலை என்ன என்று அம்மாவுக்குக் கடைசிவரை சரியாகப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ எத்தனை தடவை என் கட்டம் போட்ட கணக்கு நோட்டை வைத்து விளக்கியிருக்கிறாய். எக்ஸ்ரே எடுக்கும்போது நெஞ்சை ஒட்டி வைக்கிற பலகை. முன்பு அங்கே ஃபிலிம் இருக்குமாம். இப்போது அதற்குள் இந்த நோட்டுக் கட்டங்களைப் போல, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவில், சில்லுப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு கதிர் விழுந்தது என்று சொல்லும். எல்லாம் சொன்னதைச் சேர்த்தால் ஒரு மனுஷனுடைய நெஞ்சு.

வேலை செய்யாத புள்ளியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. லைனில் அதற்குச் செத்த புள்ளி என்று பெயர், பலகைக்குப் பேனல். அந்தப் பெயரால் வந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? நீ மாடியில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாய். "இன்னிக்கு ஒரே பேனல்ல நாப்பது செத்த புள்ளிங்க, வரிசையா கெடக்குது, யாரும் பாக்கலை!" பக்கத்து வீட்டு சரசு அத்தை துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அடியே, உன் பொண்ணு கம்பெனில நாப்பது புள்ளைங்கோ செத்துக் கெடக்குதாம்! போலீஸுக்குக்கூட சொல்லலையாம்!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. நீ மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அத்தே, புள்ளைங்கோ இல்ல, புள்ளிங்கோ" என்றாய். அது இன்னும் மோசமாகப் போனது. "முடிய கலர் பண்ணிக்கினு பைக்ல சுத்துவானுங்களே, அந்தப் புள்ளிங்கோவா? அவனுங்கோ எதுக்குடி உள்ள வந்தானுங்கோ?" என்று கேட்டாள்.

நீ போன பிறகு அதே சரசு அத்தைதான் தெருவெல்லாம் சொல்கிறாள். "எக்ஸ்ரே கம்பெனி வேலை. கதிர்தான் புள்ளையத் தின்னுட்சு." அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். கதிர்ப் பெட்டிக்கு ஈயக் கதவு இருக்கிறது, நீங்கள் சட்டையில் குத்தியிருக்கும் அட்டை எவ்வளவு பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும், உன் அட்டை ஒருமுறைகூட எதுவும் காட்டவில்லை என்று நீயே சொன்னாய். உன்னைத் தின்றது காசநோய். ஆஸ்பத்திரியில் மூளைவரைக்கும் போய்விட்டது என்றார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கிறது.

தை மாதத்திலிருந்தே நீ இருமிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியாதா? "இருமல் இருந்தா தூசு படாத கிளீன் ரூம் உள்ள விடமாட்டாங்கடி. பேக்கிங்ல தூக்கிப் போட்ருவாங்க. ஜூன்ல பர்மனென்ட் ஆகப்போறேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். நான் மூச்சு விடவில்லை. கம்பெனி கேட்டில் காலையில் நெற்றிக்கு நேராக ஜுரம் பார்க்கிற மெஷினைப் பிடிப்பார்கள், ஒன்றும் காட்டாது. அம்மாவும் காலையில் தொட்டுப் பார்ப்பாள், சில்லென்று இருக்கும். சாயங்காலம் நீ கொதித்தது எனக்கும் உனக்கும்தான் தெரியும். ஊரில் இருக்கிற நெஞ்செல்லாம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பலகையைப் பார்த்துப் பார்த்து அனுப்பியவள், உன் நெஞ்சை ஒரு தடவை அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

நான் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா? இதை யாரிடம் கேட்பது?

மேடம் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நீ கம்பெனி யோசனைப் பெட்டியில் போட்ட சீட்டின் ஜெராக்ஸ். உன் கோணல் கையெழுத்து. அவர் அதைச் சத்தமாகப் படித்தார்:

"தோசைக்கல் காயாமல் எந்த இடத்தில் ஒட்டும் என்று தெரியாது. பேனலும் அப்படித்தான். குளிர்ந்திருக்கும்போது நல்ல புள்ளி மாதிரி நடிக்கும். சூடேறின பிறகுதான் குணம் தெரியும். நாம் காலையில் ஏசியில் வைத்து ஒரு தடவை மட்டும் பார்த்து பாஸ் போடுகிறோம். நாற்பது நிமிடம் ஓடவிட்டு இன்னொரு தடவை பார்க்கவேண்டும்."

அப்பா மெதுவாக, "தோசைக்கல்லா?" என்றார்.

"ஆமா சார். முதல்ல படிச்சிட்டு எஞ்சினியருங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். இவளுக்கு எப்படித் தோணிச்சுன்னு கேட்டேன். டீ பிரேக் அவசரத்துல பேனலை அணைக்க மறந்துட்டுப் போயிருக்கா. வந்து தெரியாம, சூடேறியிருந்த அதையே மறுபடி டெஸ்ட்ல மாட்டியிருக்கா. அவளே பாஸ் போட்ட பேனல் அவ கையாலேயே ஃபெயில் ஆச்சு. வேற யாரா இருந்தாலும் திட்டு விழும்னு மறைச்சிருப்பாங்க. இவ வந்து சொன்னா."

அப்புறம் மேடம் சொன்னது எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் கனவில் வந்து திட்டு. கதிரே விடாமல் ஒரு படம் எடுப்பார்கள், அது இருட்டுப் படம். அதில் எல்லாப் புள்ளியும் கறுப்பாக இருக்கவேண்டும். வெள்ளையாக முழிக்கிற புள்ளியை நம்ப முடியாது. நீ சொன்னபடி குளிர்ச்சியில் ஒரு இருட்டுப் படம், சூடேறிய பிறகு ஒன்று என்று எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், ஒளிந்திருந்த புள்ளியெல்லாம் வெளியே வந்துவிட்டதாம். எஞ்சினியர்கள் அதை வைத்துப் பலகை தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அதற்குத்தான் காப்புரிமை.

அம்மா கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். பேனாவை மூடித் திறந்து, மறுபடி மூடினாள். "பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதற புள்ளையாட்டம் பயப்படுறியே" என்று அப்பா கிண்டல் செய்தார். அம்மா உன் பெயருக்குப் பக்கத்திலிருந்த ஆங்கில வார்த்தையில் விரலை வைத்து, "இது இன்னாம்மா?" என்றாள்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "காலமானவங்கன்னு அர்த்தம்மா. சட்டப்படி போடணும்."

அம்மா அந்த வார்த்தையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஜெராக்ஸை மேடம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது என் விஷயம். நீ போன பிறகு எங்கள் மூன்று பேருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். நோய் வராமலிருக்க வாரம் ஒரு முறை மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ரத்தம் என்று நினைத்துவிட்டேன் அக்கா. நாலு வாரத்தோடு நிறுத்திவிட்டேன். மீதி மாத்திரை உன் பழைய ஐடி கார்டு கவரில் இருக்கிறது. அம்மா கேட்டபோதெல்லாம் "போட்டுட்டேன்" என்றேன்.

இன்று காலை சுகாதார நர்ஸக்கா வாசலில் வந்து நின்றார். "பாப்பாவுக்கு இருமல், சாயங்கால ஜுரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீறா. பரீட்சைக்குப் படிச்சிப் படிச்சி எளைச்சிட்டா" என்றாள். நர்ஸக்கா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மா மதியமே வேலைக்குப் போய்விடுவாள், அப்பா ஒன்பது மணிவரை படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஓட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் என்னைத் தொட்டுப் பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம்தான். அந்த எக்ஸ்ரே அறையில், அந்தப் பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க பயம். கதிருக்குக்கூட அவ்வளவு பயமில்லை, படத்துக்குத்தான் பயம். அதில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அம்மா என்ன ஆவாள்? உனக்காக அழுதே அவளுக்குக் குரல் மாறிவிட்டது.

இந்த யோசனையோடுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து உன் சீட்டை மறுபடி படித்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ தெரியாது. "குளிர்ந்திருக்கும்போது நல்ல புள்ளி மாதிரி நடிக்கும்." அந்த இடத்துக்கு வந்ததும் சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். காலையில் அம்மா கையை வைத்தபோது நான் செய்தது அதுதானே? கேட்டில் அந்த மெஷின் முன்னால் நீ செய்ததும் அதுதானே? பேனலைப் பற்றி அவ்வளவு சரியாக எழுதியவளுக்கு, தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று தெரிந்திருக்காதா?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு புள்ளி செத்தால் பரவாயில்லை, சுற்றியிருக்கிற எட்டுப் புள்ளியும் சேர்ந்து அந்த இடத்தை ஒப்பேற்றிவிடும் என்பாய். "பக்கத்துப் புள்ளியும் செத்தா?" என்று நான் கேட்டேன். "கொத்தா செத்தா ஒண்ணும் பண்ண முடியாதுடி. அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ரிஜெக்ட்" என்றாய். அன்றைக்குச் சும்மா கேட்டது.

நான் உனக்குப் பக்கத்துப் புள்ளி அக்கா.

மணி ஒன்றாகப் போகிறது. என் நெற்றி இன்னும் சுடுகிறது. விடிந்தால் வேர்த்து ஆறிவிடும். அப்புறம் எனக்கும் தைரியம் போய்விடும், நர்ஸக்காவிடம் சொன்னதையே திரும்பச் சொல்வேன். அதனால் காலைவரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும், விளக்கைப் போட்டு அம்மாவை எழுப்பி, அவள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். மாத்திரைக் கவரையும் கொடுத்துவிடுவேன். கத்துவாள். ஒரு அறைகூட விடலாம். விடட்டும்.

நாளைக்கு அந்தப் பலகையில் நெஞ்சை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஆடாமல் நிற்பேன். அது நீ பார்த்து அனுப்பிய பலகையா என்று தெரியாது. ஆனால் உன்னை மாதிரி யாரோ ஒருத்தி பார்த்திருப்பாள். படத்தில் என்ன இருக்கிறதோ அது இருக்கட்டும், இந்த முறை சீக்கிரம் பார்த்துவிடுவார்கள். ஆரஞ்சு நிறத்தில் போனாலும் மாத்திரையை நிறுத்தமாட்டேன். உனக்குச் செய்த சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன், அதற்குப் பதிலாக இதைச் சத்தியமாக வைத்துக்கொள். உள்ளங்கையை நீட்டியிருக்கிறேன், அடி.

அம்மா புரண்டு படுக்கிறாள். போகிறேன்.

இனி யாருக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொள்ளாத,
உன் பக்கத்தில் படுத்த தங்கச்சி,
ஹரிணி