சாமியார் மப்ளரைக் கழற்றினால்

பிரிஜெட்,

மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நீ கத்துவாய் என்று தெரியும். அதனால்தான் நான் வீட்டில் இல்லை. ஆமாம், முன்னறை ஜன்னலில் உன் வெள்ளை லேஸ் திரையைக் கழற்றியது நான்தான். காலையில் நீ இறக்கிப் போட்ட ஊதாப் படுதாவை மறுபடி மாட்டியதும் நான்தான்.

தவக்காலத்தில் கோயில் சுரூபங்களை மூடிய துணிதான், அதனாலென்ன? உபதேசியார் பழசென்று கொடுத்தார், ரெண்டாக மடித்துத் தைத்தேன். "சாமியார் ஜெபம் பண்ணி வீடு மந்திரிக்க வர்ற அன்னிக்கா பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி மூடி வெப்பீங்க?" என்று கேட்டாயே! முப்பது வருஷம் குட்ஸ் வண்டியில் கார்டாக நின்றவன் நான். நம் ஜன்னலுக்குள் வீசும் அல்சூர் ஏரியின் டிசம்பர் காற்றைப் போல எங்கேயும் பார்த்ததில்லை. நேற்று உன் லேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்; காப்பி வாய்க்கு வருவதற்குள் பனிக்கட்டி, மீசை ஒடிந்து விழப் பார்த்தது.

பந்தயம் வைத்துக்கொள்வோம். நாலு மணிக்குச் சாமியார் முன்னறையில் உட்கார்ந்து தானாக மப்ளரைக் கழற்றினால், கிறிஸ்துமஸ் வரை ஊதாதான். கழற்றாவிட்டால் நானே இறக்கிவிடுகிறேன். கதவைத் திறந்து வைத்து ஏமாற்றாதே. சாமியார் பொய் சொல்ல மாட்டார், அவரிடமே கேட்டுக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல் இருக்கும் டப்பா மேல்தட்டில் இருக்கிறது. பாதி குறைந்திருந்தால் எலி.

உன் புருஷன் ஹெர்பர்ட்

பி.கு.: லேஸைத் தேடி அலமாரியைக் கலைக்காதே. அதை மப்ளராகக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மூன்று தும்மல்.