புகைக்குழாயில் காயும் கம்பளி

14.8.1979, செவ்வாய்
குரங்கணிக்கு மேலே, தோட்டம்

ஏலக்காய் உலர்த்தும் புது ஸ்டோரில் இன்று முதல் தீ மூட்டினோம். பழைய ஸ்டோருக்கு வருடா வருடம் நிழல் மரங்களை வெட்டி எரித்தோம். மரம் போனால் கீழே செடி வெயிலில் கருகும். செடியே கருகினால் ஸ்டோர் எதற்கு? அதனால்தான் கொத்தனார் சுருளியோடு சண்டை போட்டு, புகைக்குழாயை அறைக்குள் இன்னொரு சுற்றுச் சுற்றி வெளியே விடச் சொன்னேன்.

சாயங்காலம் வெளியே வந்து குழாயைத் தொட்டேன். சுடவில்லை. சூடெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. இனி விறகு பாதி மிச்சம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது பேச்சியம்மாள் காய் எடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்தாள். பழைய ஸ்டோரில் வழக்கமாகச் செய்வதுபோல ஈரக் கம்பளியைக் குழாயில் போட்டாள்.

"என்ன முதலாளி, குழா சில்லுன்னு கெடக்கு? நாளைக்கு எதப் போத்திக்கிட்டு மலையேற?"

இத்தனை வருடம் பழைய ஸ்டோரின் குழாயைப் பார்த்திருக்கிறேன். கம்பளி என் கண்ணில் பட்டதே இல்லை. உள்ளே போடவும் முடியாது, காயில் வாடை ஏறிவிடும்.

சுருளிதான் அடுப்புச் சுவரில் வெளியே கை வைத்துப் பார்த்தார். "அண்ணே, இந்தச் செவரு நல்லா சுடுது. பழைய ஸ்டோர் தகரத்த எறக்கி ஒரு சாய்ப்பு போட்டுக் கம்பளி காயக் கொடி கட்டிருவோம்."

"வெரசா கட்டுங்க அப்பு" என்றாள் பேச்சியம்மாள்.

காலையில் முதல் வேலை அதுதான். அதுவரை போர்த்திக்கொள்ள என் கம்பளியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். விரல் விறைத்து எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.