செல்வியின் கதைக்கு நான் எழுதிய முடிவு

அரியலூர். செவ்வாய், இரவு.

இன்று தா.பழூருக்குப் பஸ் ஏறிப் போய், செல்வியின் கையில் அவள் எழுதிய புத்தகத்தைக் கொடுத்தேன். செல்வி வீட்டிலேயே துணி தைக்கிறவள். போன வருஷம் ஏரியில் மூழ்கிச் செத்துப்போன தன் மகனைப் பற்றி ஒரு நோட்டில் கதையாக எழுதி அனுப்பியிருந்தாள். குழந்தைப் புத்தகங்களுக்கு எடிட்டராக இருக்கும் இத்தனை வருஷத்தில், நான் அழுதுகொண்டே படித்த கதை அது ஒன்றுதான்.

பதிப்பக முதலாளி போனில், "சாவு இருந்தா எந்தப் பெத்தவங்களும் வாங்க மாட்டாங்கம்மா. மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். பையன் கரையேறி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். செல்வியிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பொழச்சு வந்துட்டானா மேடம்?" என்றாள்.

புத்தகத்தை மூடி மெஷின்மேல் வைத்தாள்.

"இதைப் படிச்சா எந்தப் புள்ளைக்குத் தண்ணியக் கண்டு பயம் வரும்? இன்னொரு புள்ள எறங்கிடக் கூடாதுன்னுதானே எழுதுனேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அடுத்த பதிப்புல மாத்திடலாங்க" என்றேன். அவள் அதை நம்பினாள். டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன்.

நான் எடிட் செய்த எந்தப் புத்தகமும் இரண்டாம் பதிப்பு கண்டதில்லை. பள்ளிக்கூடங்களுக்கு இந்தப் புத்தகம் போகும் பெட்டிகள் நேற்றே கிளம்பிவிட்டன.